ஆஃப் சீசனில் அணி மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

அமெரிக்கன் ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் பிப்ரவரியில் முடிகிறது. அடுத்த சீசனின் முதல் ஆட்டம் செப்டம்பரில். கணினியில் அமெரிக்கன் ஃபுட்பால் அணி நடத்துபவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். ஆட்டத்தில் தோற்றால் காரணம் கண்ணெதிரே தெரிந்துவிடும். மார்ச் மாதத்தில் கேப் (அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் போடும் உச்சவரம்பு) ஏன் சிவப்பில் நிற்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். ஆன்லைன் லீக் ஒன்றுக்கு நான் கமிஷனர், அதாவது அதை நடத்தும் ஆள். ஒவ்வொரு ஆஃப் சீசனிலும் அதே கேள்விகள் வருகின்றன, அதே பதிலைத் தட்டுகிறேன். எனவே அவற்றை அறிகுறி வாரியாகப் பிரித்து இங்கே எழுதிவிட்டேன். உங்கள் தொந்தரவு எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

மேடன் ஃப்ரான்சைஸ் ஆகட்டும், ஃப்ரண்ட் ஆஃபிஸ் ஃபுட்பால் ஆகட்டும், இந்தக் கணினி விளையாட்டுகள் எல்லாமே என்எஃப்எல் (அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்) விதிகளை வைத்துக் கட்டியவை. சில அப்படியே எடுத்துக்கொள்ளும், சில சுருக்கிக்கொள்ளும். கீழே வரும் விதிகளும் தொகைகளும் நிஜ என்எஃப்எல்லுடையவை. உங்கள் லீகில் எது மாறியிருக்கிறது என்பது லீக் செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கும். முதலில் அதை ஒரு தடவை படித்துவிடுங்கள். கேள்விகளில் நாலில் ஒரு பங்கு அங்கேயே தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது.

எதையும் தொடுவதற்கு முன்

ஆஃப் சீசனில் திரும்பப் பெற முடியாத பொத்தான் ஒன்றுதான்: 'அடுத்த கட்டம்'. தவறான ஆளை வெட்டினால்கூட (அணியிலிருந்து நீக்கினால்கூட) சில விளையாட்டுகளில் அதே கட்டத்துக்குள் மீண்டும் ஒப்பந்தம் போடலாம். கட்டம் தாண்டிவிட்டால் அவர் 32 அணிகளுக்கும் பொது. அதனால் ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் சேமிப்புக் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

வரிசை இது. மார்ச் முதல் வாரத்தோடு டேக் போடும் காலம் (ஒப்பந்தம் முடியும் சொந்த ஆளை இன்னோர் ஆண்டு பிடித்து வைப்பது) முடிகிறது. மார்ச் நடுவில் புதிய லீக் ஆண்டு பிறக்கிறது. பழைய ஒப்பந்தங்கள் காலாவதியாகி ஃப்ரீ ஏஜென்சி (ஒப்பந்தம் முடிந்தவர்களை எந்த அணியும் எடுக்கலாம்) தொடங்குவதும், டிரேடுகள் (அணிகளுக்குள் கைமாற்றம்) நடைமுறைக்கு வருவதும் அன்றுதான். ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து எடுப்பது. ஜூன் 1 கேப் கணக்கில் ஒரு முக்கியமான கோடு. ஜூலையில் பயிற்சி முகாம். ஆகஸ்ட் கடைசியில் 90 பேரை 53 ஆகக் குறைக்க வேண்டும். கீழே சொல்லியிருக்கும் கோளாறுகளில் பாதி, ஒரு கட்டத்தின் வேலையை அடுத்த கட்டத்தில் செய்யப் போனதால் வருபவை.

அறிகுறி 1: கேப் சிவப்பில் நிற்கிறது

பதறி உடனே ஆளை வெட்டாதீர்கள். நான்கு விஷயங்களை வரிசையாகப் பாருங்கள். முதல் மூன்றுக்கும் காசு செலவில்லை.

எந்த ஆண்டின் கணக்கைப் பார்க்கிறீர்கள்? பல விளையாட்டுகள் மார்ச் வரை முடிந்த சீசனின் எண்ணையே காட்டும். கேப் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது: 2023-இல் 224.8 மில்லியன் டாலர், 2024-இல் 255.4, 2025-இல் 279.2. பழைய கேப்பையும் அடுத்த ஆண்டுச் சம்பளங்களையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் சிவப்புதான் தெரியும்.

போன ஆண்டு செலவழிக்காத கேப் இடம் வந்து சேர்ந்ததா? என்எஃப்எல்லில் மீதியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துப்போகலாம். சில லீகுகளில் அது தானாக நடக்காது, ஒரு பெட்டியில் டிக் போட வேண்டியிருக்கும்.

எத்தனை பேரின் சம்பளம் கணக்கில் வருகிறது? ஆஃப் சீசனில் 90 பேர் இருந்தாலும் கேப் கணக்குக்கு முதல் 51 பேரின் தொகை மட்டுமே எடுக்கப்படும். மற்றவர்களுக்கு போனஸ் பங்கு ஏதாவது இருந்தால் அது மட்டும் சேரும். இந்த விதி உங்கள் லீகில் இல்லையென்றால், கடைசி வரிசையில் குறைந்தபட்சச் சம்பளத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் வீணாக இடம் பிடிக்கிறார்கள். அவர்களை இப்போதே வெட்டிவிட்டு, முகாம் நேரத்தில் மலிவாக ஆள் எடுங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் சிவப்பு போகவில்லை என்றால் உண்மையிலேயே அதிகம் செலவழித்திருக்கிறீர்கள். இனி வருவதற்கு விலை உண்டு.

ஒரு வீரரின் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம், மற்றதெல்லாம் இதில் அடங்கிவிடும். ஒரு வைட் ரிசீவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம். ஒப்பந்த போனஸ் 24 மில்லியன். ஆண்டுச் சம்பளம் 4, 8, 12, 16. போனஸ் கையில் ஒரே நாளில் கொடுக்கப்படும். கேப்பில் மட்டும் ஆண்டுக்கு 6 மில்லியனாகப் பிரியும். ஆக அவருடைய கேப் தொகை 10, 14, 18, 22. இரண்டு சீசன் ஆடிவிட்டார், மூன்றாம் ஆண்டு தொடங்கப்போகிறது, 18 மில்லியன் உறுத்துகிறது. உங்கள் முன் நான்கு வழி இருக்கிறது.

- *வெட்டுவது.* இன்னும் கேப்பில் ஏறாத போனஸ் 12 மில்லியன். அது அத்தனையும் இந்த ஆண்டே டெட் மணியாக (ஆள் போன பிறகும் கேப்பில் நிற்கும் தொகை) இறங்கும். 18-இல் 12 போக, மிச்சம் 6 மட்டுமே.
- *ஜூன் 1-க்குப் பிந்தைய வெட்டு என்று குறித்து வெட்டுவது.* இந்த ஆண்டு 6, அடுத்த ஆண்டு 6 என்று டெட் மணி பிரியும். இந்த ஆண்டு மிச்சம் 12. ஆனால் அந்த இடம் ஜூனில்தான் திறக்கும். மார்ச்சில் ஆள் பிடிக்க உதவாது. ஓர் அணி இப்படி இரண்டு பேரைத்தான் குறிக்கலாம்.
- *சம்பளத்தை போனஸாக மாற்றுவது.* 12 மில்லியன் சம்பளத்தில் 10-ஐ போனஸாக்கினால் அது மீதி இரண்டு ஆண்டுக்கு 5, 5 எனப் பிரியும். இந்த ஆண்டு 2 + 6 + 5 = 13. ஐந்து மிச்சம். அடுத்த ஆண்டு 16 + 6 + 5 = 27. இந்த 27-ஐப் பார்க்காமல் பொத்தானை அழுத்துபவர்கள்தான் மறு வருடம் அதே கேள்வியோடு வருகிறார்கள்.
- *ஒப்பந்தத்தை நீட்டிப்பது.* போனஸைப் பிரிக்க அதிக ஆண்டுகள் கிடைக்கும். ஐந்து ஆண்டு வரை பிரிக்கலாம். ஆனால் அந்த ஆள் அதற்குள் கிழவனாகிவிடக் கூடாது.

என் தீர்ப்பைச் சொல்கிறேன். 26 வயதுக்குள் இருக்கும் நல்ல ஆட்டக்காரர் என்றால் நீட்டியுங்கள். குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) என்றால் சம்பளத்தை போனஸாக்கலாம், எப்படியும் அவர் உங்களோடுதான் இருக்கப் போகிறார். 29 தாண்டியவர் என்றால் வலியை இந்த ஆண்டே வாங்கிக்கொண்டு வெட்டிவிடுங்கள். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் ஆண்டுதோறும் மார்ச்சில் சம்பளங்களை போனஸாக்கியே கேப்புக்குள் நுழைந்தார்கள். குவார்ட்டர்பேக் டிரூ பிரீஸ் இருந்த வரைக்கும் அதற்கு அர்த்தம் இருந்தது. அவர் ஓய்வு பெற்ற பிறகும் கடன் மட்டும் ஓயவில்லை.

பெரிய ஒப்பந்தக்காரர்களைத் தொடும் முன், போனஸே இல்லாத நடுத்தர ஆட்களைத் தேடுங்கள். 3 மில்லியன் சம்பளம், டெட் மணி பூஜ்யம், டெப்த் சார்ட்டில் (ஒவ்வொரு நிலையிலும் யார் முதலில் ஆடுவார் என்ற வரிசை) மூன்றாம் இடம். இப்படி நாலு பேர் எந்த அணியிலும் இருப்பார்கள். பட்டியலை டெட் மணி வாரியாக வரிசைப்படுத்தினால் தாமாக மேலே வந்து நிற்பார்கள்.

அறிகுறி 2: ஆளை வெட்டினேன், இடம் கூடவில்லை

*கொஞ்சம் கூடியது, எதிர்பார்த்த அளவு இல்லை.* மேலே சொன்ன 51 பேர் விதிதான் காரணம். ஒருவர் போனால் 52-ஆம் ஆள் கணக்கில் ஏறிக்கொள்வார். 2025-இல் புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 8,40,000 டாலர். 1.2 மில்லியன் ஆளை வெட்டினால் 3,60,000 டாலர்தான் தேறும். சில்லறை ஆட்களை வெட்டிக் கேப்பைச் சரிசெய்ய முடியாததற்கு இதுவே காரணம்.

*குறைந்தே போய்விட்டது.* அவருடைய மீதி போனஸ் இந்த ஆண்டுத் தொகையைவிடப் பெரியது. வெட்டும் பொத்தானுக்கு முந்தைய திரையில் 'கேப் அபராதம்', 'மிச்சம்' என்று இரண்டு எண் காட்டும். மிச்சத்துக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

நிஜத்திலும் இது நடக்கிறது. 2024-இல் டென்வர் பிராங்கோஸ் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை விடுவித்தபோது டெட் மணி மட்டும் 85 மில்லியன். ஜூன் 1 குறிப்பு போட்டு அதை இரண்டு ஆண்டுக்குப் பிரித்தார்கள்: 2024-இல் 53, 2025-இல் 32. இதைத் தெரிந்தேதான் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வேறு குவார்ட்டர்பேக்கை டிராஃப்டில் எடுத்து, புதுமுகச் சம்பளத்தில் வைத்து, அந்த ஓட்டையைச் சமாளித்தார்கள். உங்களிடம் அப்படி ஒரு திட்டம் இருந்தால் கழித்தல் குறியைத் தாண்டிப் போகலாம்.

*யாரையும் வெட்டவே இல்லை, அணியில் இல்லாத ஆளின் பெயர் கேப் பட்டியலில் நிற்கிறது.* வெற்று ஆண்டுகள் வேலை செய்திருக்கின்றன. போனஸை மெல்லியதாகப் பரப்புவதற்காக, ஆடவே போகாத ஆண்டுகளை ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டும் உத்தி இது. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் இதில் கைதேர்ந்தவர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அந்த வால் முழுவதும் ஒரே ஆண்டில் இறங்கும். நீங்கள் போடாவிட்டாலும், அணியை முன்பு வைத்திருந்தவர் போட்டிருக்கலாம். கைமாறிய அணியை எடுத்துக்கொள்ளும் யாரும் அடுத்த மூன்று ஆண்டுக் கேப் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்வது நல்லது. காலாவதி தேதிக்கு முன்னால் நீட்டித்தால் தப்பலாம். தேதி போய்விட்டால் மருந்து கிடையாது.

அறிகுறி 3: சொந்த ஆள் கையெழுத்துப் போட மறுக்கிறார்

முதலில் அவர் எந்த வகை என்று பாருங்கள். இரண்டு சீசனோ அதற்குக் குறைவாகவோ கணக்கில் உள்ளவர் என்றால் பேச்சுவார்த்தையே தேவையில்லை. குறைந்தபட்சச் சம்பளத்துக்கு டெண்டர் (ஓராண்டு ஒப்பந்த அழைப்பு) கொடுத்தால் போதும், வேறு அணியோடு பேசவும் அவருக்கு உரிமையில்லை. மூன்று சீசன் முடித்தவர் கட்டுப்பாட்டுள்ள ஃப்ரீ ஏஜென்ட். டெண்டர் கொடுத்தால் வேறு அணி தரும் விலையை ஈடுகட்டி அவரை வைத்துக்கொள்ளலாம். இந்த டெண்டர் பொத்தானை அழுத்த மறந்து, மலிவாக வைத்திருக்கக்கூடிய கார்னர்பேக்கை இழந்தவர்கள் எங்கள் லீகில் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

டிராஃப்டின் முதல் சுற்றில் எடுத்தவர் என்றால் ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ளும் உரிமை இருக்கிறது. அவருடைய மூன்றாம் சீசன் முடிந்து வரும் மே மாதத் தொடக்கத்துக்குள் சொல்லிவிட வேண்டும். 2020 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முழுக்க உத்தரவாதம், எனவே சந்தேகத்துக்குரிய ஆளுக்குப் போட்டுவிட்டுப் பின்னால் வெட்ட முடியாது.

நான்கு சீசன் முடித்து, உரிமை எதுவும் மிச்சமில்லாத ஆள் என்றால் இப்படிப் போங்கள். நீங்கள் சொல்லும் தொகையைக் கூட்டும் முன் ஆண்டுகளை மாற்றிப் பாருங்கள். 24 வயதுக்காரர் குறுகிய ஒப்பந்தம் கேட்பார், 31 வயதுக்காரர் நீண்டது கேட்பார். அதே மொத்தத் தொகையில் போனஸ் பங்கைக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் வீரர் போனஸைத்தான் எடை போடுகிறார். இரண்டும் பலிக்கவில்லையென்றால் ஃப்ரான்சைஸ் டேக்.

டேக் ஓர் ஆண்டு நிம்மதி, அவ்வளவுதான். அந்த இடத்தில் ஆடும் உச்சச் சம்பளக்காரர்களை வைத்துக் கணக்கிடுகிறார்கள். இரண்டாம் முறை போட்டால் 120 சதவீதம், மூன்றாம் முறை 144. வாஷிங்டன் அணி குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸுக்கு 2016-இல் 19.95 மில்லியன் கொடுத்தது, 2017-இல் 23.94. மூன்றாம் முறை கட்டுப்படியாகவில்லை. அவர் 2018-இல் மூன்று ஆண்டு, 84 மில்லியன், முழு உத்தரவாதம் என்று மினசோட்டாவுக்குப் போய்விட்டார். டேக் போட்டால் ஜூலை நடுவுக்குள் நீண்ட ஒப்பந்தம் பேச வேண்டும். மனசு வரவில்லையென்றால், டேக்கோடு சேர்த்து டிரேட் செய்துவிடுங்கள்.

அறிகுறி 4: அதிகப் பணம் சொல்லியும் ஃப்ரீ ஏஜென்ட் வேறு அணிக்குப் போகிறார்

பணத்தை மறுபடி ஏற்றாதீர்கள். முதலில் வீரரின் விருப்பப் பட்டியலைத் திறந்து பாருங்கள். மேடன் 23-இலிருந்து இது வெளிப்படையாகவே இருக்கிறது: சொந்த ஊருக்குப் பக்கம், வெப்பமான மாநிலம், வருமான வரி இல்லாத மாநிலம், டெப்த் சார்ட்டில் முதலிடம், கோப்பை வெல்லும் வாய்ப்பு என்று. டெக்சஸ், ஃபுளோரிடா, டென்னசி, நெவாடா, வாஷிங்டன் மாநில அணிகளுக்கு வரி விஷயத்தில் கை மேலே. குளிரும் வருமான வரியும் உள்ள கிரீன் பேயில் இருந்துகொண்டு, வெப்பமும் வரியில்லாத மாநிலமும் கேட்கும் ஆளைத் துரத்துவது காசுக்குக் கேடு. அவரை விட்டுவிட்டு, டெப்த் சார்ட்டில் முதலிடம் கேட்பவரைப் பிடியுங்கள். அந்த ஒன்றை மட்டும் நீங்களே மாற்றிக்கொடுக்க முடியும்: நீங்கள் விலை சொல்லும் முன் அந்த இடத்தில் இருப்பவரைக் கீழே இறக்குங்கள்.

ஃப்ரண்ட் ஆஃபிஸ் ஃபுட்பாலில் இன்னொரு வினோதம். பிறந்த தேதியை வைத்து வீரர்களுக்குள் ஒத்துப்போகுமா, முட்டிக்கொள்ளுமா என்று பார்க்கும். ஆம், ராசிப் பொருத்தம்தான். நம் ஆட்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த இடத்தின் தலைவரோடு முரண் காட்டும் ஆளை விட்டுவிடுங்கள், சமமான இன்னொருவர் இருப்பார்.

விருப்பமெல்லாம் பொருந்துகிறது, இருந்தும் தோற்கிறீர்கள் என்றால் காலம்தான் காரணம். முதல் கட்டத்தில் எல்லா அணியிடமும் பணம் இருக்கும், விலை உச்சத்தில் இருக்கும். மூன்றாம் கட்டத்துக்குப் பிறகு பாதி அணிகள் கைவிரித்துவிடும். கார்டு, சேஃப்டி, இரண்டாம் ரன்னிங்பேக், டைட் எண்ட் ஆகியோரை அதுவரை காத்திருந்து எடுக்கலாம். லெஃப்ட் டாக்கிள், எட்ஜ் ரஷர், கார்னர்பேக் மூன்றுக்கும் காத்திருக்க முடியாது, நல்லவர்கள் முதல் நாளே போய்விடுவார்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். போனவர்களைவிடக் குறைவாக ஆள் எடுத்த அணிக்கு, ஈடாக மூன்று முதல் ஏழாம் சுற்று வரையில் கூடுதல் பிக் (டிராஃப்டில் ஓர் ஆளை எடுக்கும் முறை) கிடைக்கும், அணிக்கு நான்கு வரை. வேறு அணி வெட்டிவிட்ட ஆளை எடுத்தால் அது இந்தக் கணக்கில் வராது. உங்கள் விளையாட்டில் இந்த விதி இருந்தால், 30 வயது லைன்பேக்கருக்கு ஆசைப்பட்டு மூன்றாம் சுற்றுப் பிக்கை இழக்காதீர்கள்.

அறிகுறி 5: எந்த டிரேடுக்கும் கணினி சம்மதிப்பதில்லை

எதிரணிக்குக் கேப் இடம் இருக்கிறதா? அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் நிரம்பியிருக்கிறதா? உங்கள் ரோஸ்டர் (அணியின் வீரர் பட்டியல்) எண்ணிக்கை மீறுகிறதா? இந்த மூன்றும் இலவசச் சோதனை.

அப்புறம் மதிப்பு. டல்லஸ் கௌபாய்ஸில் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் வந்த பிக் மதிப்புப் பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள். முதல் பிக் 3000 புள்ளி, 10-ஆவது 1300, 16-ஆவது 1000, 32-ஆவது 590. உங்களிடம் 21-ஆவதும் (800) 53-ஆவதும் (370) இருக்கின்றன, 10-ஆவது வேண்டும் என்றால் 130 புள்ளி குறைகிறது. மூன்றாம் சுற்றின் கடைசியில் ஒரு பிக் சேர்த்தால் கணக்கு நேராகும். கணினிகள் பெரும்பாலும் இதற்கு நெருக்கமான பட்டியலையே பயன்படுத்துகின்றன. நீங்கள் தருவது ஐந்து சதவீதம் குறைந்தாலும் 'மதிப்பு போதாது' என்றே வரும்.

வீரரை விற்கும்போது இன்னொரு கொக்கி. வெட்டினால் எப்படியோ அப்படியே, விற்றாலும் மீதி போனஸ் உங்கள் தலையில்தான் இறங்கும். வாங்குகிற அணி சம்பளத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி 6: டிராஃப்டில் எடுத்த பையன் தேறவில்லை

எப்போது ரேட்டிங் இறங்கியது என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

*டிராஃப்ட் முடிந்த மறு நிமிடம் இறங்கியது.* பையன் மாறவில்லை. நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஸ்கௌட்டின் (திறமை தேடுபவரின்) மதிப்பீடு, இப்போது பார்ப்பது அசல். அடுத்த ஆண்டு ஸ்கௌட்டிங் செலவை ஏழு சுற்றுக்கும் பரப்பாமல், உங்கள் முதல் மூன்று பிக்குகளுக்கு எட்டக்கூடிய ஆட்களிடம் குவியுங்கள். கம்பைன் (டிராஃப்டுக்கு முந்தைய உடல்திறன் சோதனை) எண்களை மட்டும் நம்பவும் வேண்டாம். ரிசீவர் ஜான் ராஸ் 2017-இல் 40 கெஜத்தை 4.22 வினாடியில் ஓடினார், அப்போதைய சாதனை. சின்சினாட்டி ஒன்பதாவது பிக்கில் எடுத்தது. முதல் சீசனில் அவர் ஒரு பாஸ்கூடப் பிடிக்கவில்லை. கணினி உருவாக்கும் டிராஃப்ட் வகுப்புகளில் இப்படிப்பட்ட ஓட்டக்காரர்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர் வருவார்கள். ரூட் ரன்னிங் (வகுத்த பாதையில் ஓடும் திறன்) எண்ணைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

*முகாமுக்குப் பிறகு இறங்கியது.* பொறுங்கள். பல விளையாட்டுகளில் வளர்ச்சிக் குணம் மறைவாக இருக்கும், குறிப்பிட்ட அளவு ஆடிய பிறகே தெரியும். ஒரு சீசன் முழுக்க ஆடவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை நான்காண்டு மலிவு ஒப்பந்தம் உங்களைக் கடிக்காது.

*இறங்கவே இல்லை, ஆனால் ஆடவும் இல்லை.* டெப்த் சார்ட்டைத் தானியங்கியில் விட்டிருக்கிறீர்கள். இரண்டு புள்ளி அதிகமுள்ள 32 வயதுக்காரரை அது முன்னால் நிறுத்திவிடும். கையால் மாற்றுங்கள்.

கடைசிப் பிக்கையும் தூக்கி எறிய வேண்டாம். 2022-இல் 262-ஆவதாக, அந்த டிராஃப்டின் கடைசி ஆளாக சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்தது, பின்னால் அந்த அணியின் முதல் குவார்ட்டர்பேக் ஆன பிராக் பர்டியை.

அறிகுறி 7: ஆட்கள் அதேதான், அணியின் ரேட்டிங் விழுந்துவிட்டது

ஒரு வீரரின் பக்கத்தைத் திறந்து, போன ஆண்டு எண்களோடு இந்த ஆண்டு எண்களை ஒப்பிடுங்கள்.

வேகம், முடுக்கம், சுறுசுறுப்பு குறைந்திருந்தால் வயது. ரன்னிங்பேக் 27, 28-இல் சரியத் தொடங்குவார், கார்னர்பேக் 30-ஐ ஒட்டி. குவார்ட்டர்பேக்குகளுக்கும் கிக்கர்களுக்கும் நாள் அதிகம். டாம் பிரேடி 43 வயதில் சூப்பர் பவுல் வென்றார் என்பதை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு 38 வயது ஆளுக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம் போட வேண்டாம். ரன்னிங்பேக்கை 26-இல் விற்றுவிடுவது என் பழக்கம். அப்போது அவருக்கு இரண்டாம் சுற்றுப் பிக் கிடைக்கும்; இரண்டு ஆண்டு கழித்து ஆறாம் சுற்றுகூடக் கிடைக்காது.

தனித்தனி எண்கள் எதுவும் மாறவில்லை, மொத்த ரேட்டிங் மட்டும் விழுந்திருக்கிறது என்றால் பயிற்சியாளர் மாறியிருக்கிறார். 4-3 தடுப்பிலிருந்து (முன்வரிசையில் நால்வர், பின்னால் லைன்பேக்கர் மூவர்) 3-4-க்குப் போயிருந்தால் உங்கள் டிஃபென்ஸிவ் எண்டுகள் எல்லாரும் திடீரென்று பொருத்தமில்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். முதலில் நிலையை மாற்றிப் பாருங்கள்: 250 பவுண்டு எண்டை வெளி லைன்பேக்கராக்கினால் பெரும்பாலும் ரேட்டிங் திரும்ப வரும். அது பலிக்காவிட்டால் தடுப்பு ஒருங்கிணைப்பாளரை மாற்றுங்கள். நாலு வீரரை மாற்றுவதைவிட ஒரு பயிற்சியாளரை மாற்றுவது மலிவு, பயிற்சியாளர் சம்பளம் கேப்பில் வராது.

அறிகுறி 8: 'அடுத்த கட்டம்' பொத்தான் வேலை செய்யவில்லை

ரோஸ்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். சீசன் தொடங்க 53. பயிற்சி அணியில் 16. காயப் பட்டியலில் உள்ளவர் 53-இல் வருகிறாரா இல்லையா என்பதும் அங்கேயே தெரியும். எண்ணிக்கை சரி, கேப்பும் பச்சை, இன்னும் நகரவில்லையா? டெப்த் சார்ட்டைக் கடைசி வரி வரைக்கும் இறக்குங்கள். எனக்கு வரும் ஸ்கிரீன்ஷாட்டுகளில் பெரும்பாலும் காட்சி ஒன்றுதான்: குவார்ட்டர்பேக் மூன்று பேர், ரிசீவர் ஒன்பது பேர், கீழே 'லாங் ஸ்னாப்பர்' (உதைக்கும் ஆட்டங்களில் பந்தைப் பின்னால் எறிபவர்) என்ற வரியில் வெறும் கோடு. டிராஃப்டில் யாரும் எடுக்காத, ஆகஸ்டில் வெட்டப்பட்டும் யாரும் கவனிக்காத அந்த ஆளை ஃப்ரீ ஏஜென்ட் பட்டியலிலிருந்து குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எடுங்கள். கிக்கர், பண்ட்டர் வரிகளையும் அதே கையோடு பாருங்கள்.

கையெழுத்திடாத டிராஃப்ட் வீரர் யாராவது தொங்கிக்கொண்டிருந்தாலும் சில விளையாட்டுகள் நகராது.

எப்போது கமிஷனரையோ, தயாரிப்பாளர் உதவிப் பிரிவையோ கூப்பிடுவது

இந்த நிலைகளில் நீங்களாக எதையும் தொடாதீர்கள்: வீரர் இரண்டு அணியில் ஒரே நேரத்தில் தெரிகிறார், ஒப்புக்கொண்ட டிரேடில் ஒரு பக்கம் மட்டும் கைமாறியிருக்கிறது, நகலிலிருந்து திறந்தாலும் அதே கட்டத்தில் அதே இடத்தில் உறைகிறது, டெண்டர் கொடுத்ததற்குத் திரையில் சான்று இருந்தும் ஆள் சந்தையில் நிற்கிறார். தனியாக ஆடுபவர் என்றால் உறைவதற்கு முந்தைய நகலையும், உறைந்த கோப்பையும் சேர்த்து உதவிப் பிரிவுக்கு அனுப்புங்கள். ஒன்றை மட்டும் அனுப்பினால் அவர்களால் ஒப்பிட முடியாது.

ஆன்லைன் லீக் என்றால் கமிஷனருக்கு மூன்று விஷயம் தேவை: முழுத் திரையின் படம், எந்தக் கட்டம், எத்தனை மணிக்குச் செய்தீர்கள். 'என் அணியைக் காணோம், ப்ளீஸ் பாருங்க' என்று மட்டும் வந்தால் நாங்கள் அந்த மூன்றையும் கேட்டு வாங்குவதற்குள் கட்டம் ஓடிவிடும். கட்டம் ஓடும் முன் சொன்னால் ஐந்து நிமிட வேலை, உங்கள் அணியை மட்டும் திருத்தினால் போதும். ஓடிய பிறகு சொன்னால் மற்ற 31 பேர் செய்ததையும் சேர்த்துப் பின்னுக்கு இழுக்க வேண்டும். எங்கள் லீகில் அதற்கு வாக்கெடுப்பு வைப்போம்; நல்ல ஃப்ரீ ஏஜென்டைப் பிடித்துவிட்ட எவரும் ஆதரித்து வாக்களிப்பதில்லை.